1943-ஆம் ஆண்டு கார்பைன் ஒன்று வேண்டும்: எந்த வழி தேறும்?

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் பழைய போட்டோ ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். 1944 கோடைக்காலம், பிரான்சில் ஏதோ ஒரு கிராமத்துச் சாலை. அவருடைய தாத்தா ஜீப்பில் சாய்ந்து நிற்கிறார், தோளில் எம்1 கார்பைன், அதாவது ராணுவத்தின் குட்டையான, இலேசான ரைஃபிள். "எனக்கு இதே மாதிரி ஒன்று வேண்டும். அந்தக் காலத்துப் பாகங்களோடு. வாங்குவதா, செய்வதா, சேர்ப்பதா?" என்று கேட்டார். பழைய துப்பாக்கி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு என்பது தெருவுக்கே தெரியும். அதோடு நாங்கள் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன். அந்தத் துப்பாக்கியை வேறு யாரையும்விட அதிகமாகச் செய்து தள்ளிய ஊர்.

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாமே அமெரிக்கச் சட்டத்துக்குள் நடக்கிற விஷயம். மற்ற நாடுகளில் இதே ஆசை இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கீழே முதலில் வரும் வழி மட்டும்தான் திறந்திருக்கும். அதற்கும் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நான் கேட்ட கேள்வி: "எந்தத் தேதிக் கார்பைன்?" அவருக்கு அது புரியவில்லை. எம்1 என்றால் எம்1 தானே என்றார். அங்கேதான் சிக்கல்.

எம்1 கார்பைன் 1941 அக்டோபரில் ராணுவத்துக்கு ஏற்கப்பட்டது. ஓட்டுநர், பீரங்கிக்காரர், வயர்லெஸ்காரர், அதிகாரி என்று முழு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வேலை பார்க்க முடியாதவர்களுக்குக் கைத்துப்பாக்கியைவிட உருப்படியாக ஒன்று கொடுக்க வேண்டும் என்பது நோக்கம். அன்றைய காலாட்படையின் வழக்கமான ரைஃபிளான கேரண்ட் 4 கிலோவுக்கு மேல் கனக்கும். கார்பைன் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்கியது. 15 தோட்டா மேகசின், 18 அங்குலக் குழல். வடிவமைப்பு வின்செஸ்டர் நிறுவனத்தினுடையது. போர் முடிவதற்குள் 60 லட்சத்துக்கு மேல் செய்தாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தயாரித்த சிறு ஆயுதங்களில் இவ்வளவு எண்ணிக்கை வேறு எதற்கும் இல்லை.

அத்தனையையும் ஒரே ஆலை செய்யவில்லை. பத்து முதன்மை ஒப்பந்தக்காரர்கள். அவர்களில் வின்செஸ்டர் ஒன்றுதான் பெயர்பெற்ற துப்பாக்கி நிறுவனம். ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவு எங்கள் டேட்டனில் ஸ்டியரிங் சக்கரம் செய்துகொண்டிருந்த இடம். ரைட் சகோதரர்களின் பழைய விமானத் தொழிற்சாலைக் கட்டடங்களும் அந்த வளாகத்துக்குள்தான். அங்கிருந்து மட்டும் 26 லட்சத்துக்கு மேல். அண்டர்வுட் தட்டச்சுப் பொறி நிறுவனம் ஐந்து லட்சத்துக்கு மேல். கணக்குப் பொறி செய்த ஐபிஎம் சுமார் மூன்றரை லட்சம். ராக்-ஓலா, அதாவது காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்தவர்கள், இரண்டே கால் லட்சத்துக்குச் சற்று மேல். (ராக்-ஓலா என்பது ராக் இசையிலிருந்து வந்த பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உரிமையாளரின் குடும்பப் பெயர் ராக்கோலா, அவ்வளவுதான். இன்றைக்கு அந்தப் பெயருக்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.)

இவர்களுக்குள் பாகங்கள் தாராளமாகக் கைமாறின. ஒருவரிடம் குழல் தீர்ந்துபோனால் இன்னொருவரிடமிருந்து வரும். அதற்கென்றே ஒரு கூட்டுக் குழு வைத்து ஒழுங்குபடுத்தினார்கள். சிகாகோவின் குவாலிட்டி ஹார்டுவேர் நிறுவனம் ரிசீவரை (மற்ற பாகங்களைத் தாங்கும் நடு உடலை) மட்டும் செய்துவிட்டு மற்றதையெல்லாம் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டியது. பேஸ்பால் மட்டைக்குப் பேர்போன ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி கார்பைனுக்கு மரக்கட்டை செய்து கொடுத்தது. ஆகவே, "எல்லாப் பாகத்திலும் ஒரே நிறுவனத்தின் முத்திரை இருந்தால்தான் அசல்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். பல நேரம் அப்படி இருப்பதுதான் பின்னால் யாரோ உட்கார்ந்து சேர்த்தது என்பதற்கு அடையாளம்.

இப்போது தேதிக்கு வருவோம். போருக்கு நடுவிலேயே இந்தத் துப்பாக்கி மாறிக்கொண்டே வந்தது. தொடக்கத்தில் பின்குறி, அதாவது குறிபார்க்க உதவும் பின்பக்கப் பாகம், எல் வடிவத்தில் மடங்கும் சின்னத் தகடு. ஒரு பக்கம் 150 கெஜம், புரட்டினால் 300 கெஜம். பக்கவாட்டில் நகர்த்த வழியில்லை. 1944-இல்தான் திருகித் திருத்தக்கூடிய பின்குறி வந்தது. தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி முதலில் அழுத்தும் பொத்தான். மேகசினைக் கழற்றும் பொத்தானும் அதற்குப் பக்கத்திலேயே இருந்ததால், பதற்றத்தில் சேஃப்டியை விலக்கப் போய் மேகசினைக் கீழே போட்டவர்கள் உண்டு. அதனால் பிறகு அதைத் திருப்பும் நெம்புகோலாக மாற்றினார்கள். குழலையும் கட்டையையும் பிணைக்கும் முன்வளையம் முதலில் குறுகலாக இருந்தது, அடுத்து அகலமானது, போர் முடியும் தறுவாயில் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கொக்கியோடு மூன்றாம் வகை வந்தது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் மேற்பக்கம் முதலில் தட்டையாகக் கடையப்பட்டது. வேலை மிச்சம் என்று பின்னர் உருண்டையாகவே விட்டுவிட்டார்கள். கைக்காப்பு மரத்தில் இரண்டு ரிவெட் நான்கானது. தோள்வாரும் எண்ணெய்க் குப்பியும் மாட்டும் பள்ளம் ஆரம்பத்தில் ஆங்கில 'ஐ' எழுத்துப்போல இருந்து, அப்புறம் நீள்வட்டமானது.

பக்கத்து வீட்டு நண்பரின் போட்டோவை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தோம். முன்வளையம் குறுகல், கொக்கி இல்லை. பின்குறி சரியாகத் தெரியவில்லை, ஆனால் தட்டையாக ஏதோ நிற்கிறது. ஆக 1943-இல் ஆலையை விட்டு வந்த துப்பாக்கி என்று வைத்துக்கொள்ளலாம். தேதி கிடைத்துவிட்டது.

ஆனால் கடைக்குப் போனால் அந்த உருவத்தில் ஒன்றும் எளிதில் கண்ணில் படாது. போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகள் லட்சக்கணக்கில் கார்பைன்களைப் பிரித்து, பாகங்களைத் தொட்டியில் கொட்டி, புதிய வகைப் பின்குறியும் கொக்கி வளையமும் திருப்பும் சேஃப்டியும் போட்டு மறுபடி பூட்டின. அதனால் 1943-இல் பிறந்த துப்பாக்கியும் பார்க்க 1945-க்குப் பிந்தையதுபோலவே இருக்கும். இப்படிக் கலந்துபோனவற்றைச் சேகரிப்பாளர்கள் மிக்ஸ்மாஸ்டர் என்பார்கள். கேலியாகச் சொல்வதுதான், ஆனால் பிழைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூட்டம்தான்.

சரி, வழிகளைப் பார்ப்போம்.

சுவரில் மாட்ட மட்டும் என்றால் சுடாத மாதிரி போதும். ஸ்பெயினின் டெனிக்ஸ் நிறுவனம் உலோகக் கலவையிலும் மரத்திலும் செய்கிறது. எடை ஓரளவு ஒத்துவரும், போல்ட்டை இழுக்கலாம், பத்தடி தள்ளி நின்றால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கையில் எடுத்தால் தெரிந்துவிடும்: விளிம்புகள் மொண்ணை, உலோகத்தின் நிறம் பொம்மை நிறம், முத்திரைகள் இல்லை. அசல் பாகம் எதையும் இதில் பூட்டவும் முடியாது. ஆனாலும் இதைக் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, பூட்டுப் பெட்டி வாங்க மனமும் இல்லை என்றால், போட்டோவுக்குக் கீழே தொங்க இதுதான் நேர்மையான தேர்வு. நண்பர் இதை ஒரே நொடியில் தள்ளிவிட்டார். "தாத்தா பிடித்தது பொம்மை இல்லையே" என்றார்.

அடுத்தது இன்றைய புதுத் தயாரிப்பு. ஆட்டோ-ஆர்டினன்ஸ் செய்கிறது, டேட்டனிலேயே இன்லேண்ட் மேனுஃபாக்சரிங் என்ற பெயரில் ஒரு புதிய நிறுவனமும் இறங்கியது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவு இல்லை. இந்த வழியின் நன்மை எளிது: புதுக் குழல், தேய்மானம் இல்லை, உத்தரவாதம் உண்டு, சனிக்கிழமை சுடுகளத்துக்குக் கொண்டுபோய் நிம்மதியாகச் சுடலாம், கீறல் விழுந்தால் வரலாறு கெட்டுவிட்டது என்று வயிறு எரியாது. போர்க்கால வடிவத்துக்கு நெருக்கமாகவே செய்கிறார்கள் என்பதால் அசல் ராணுவப் பாகங்கள் பலவும் இவற்றில் பொருந்தும். ஆனால் ரிசீவர் வார்ப்பு, அதன்மேல் இன்றைய நிறுவனத்தின் பெயர். எத்தனை அசல் பாகம் பூட்டினாலும் நடு உடல் நேற்றுப் பிறந்ததுதான். சுடுவதுதான் முதல் ஆசை என்றால் எடுங்கள். 1943 வேண்டும் என்கிறவர் இதை வாங்கினால் ஆறு மாதத்தில் அசலைத் தேட ஆரம்பித்து, கடைசியில் இரண்டுக்கும் பணம் கொடுப்பார். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு 1960-களிலிருந்து வந்த வணிகத் தயாரிப்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முக்கியமாக ஃப்ளோரிடாவின் யுனிவர்சல். ஆரம்பத்தில் மிச்ச ராணுவப் பாகங்களை வைத்துச் செய்தார்கள். பிறகு உள் அமைப்பையே மாற்றினார்கள். ஒரு சுருள்வில் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அந்தப் பிந்தைய மாதிரிகளுக்கு ராணுவப் பாகங்கள் பல ஒத்துவராது. "கார்பைன், மலிவு" என்று ஏலத்தில் வருவதில் இவை நிறைய. காலத்துக்கேற்ற பாகங்களைப் பூட்டும் திட்டம் இருந்தால் மலிவு என்பதற்காக இதில் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது வழி, கிடங்கில் மறுசீரமைத்த அசலை வாங்கி அப்படியே விட்டுவிடுவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1963-இல் தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு அரசே இவற்றை 20 டாலருக்கு விற்றது. இன்று அந்த விலைக்கு ஒரு நல்ல அசல் பின்குறிகூட வராது. பிற்காலத்தில் வெளிநாடுகளுக்குக் கொடுத்தவை திரும்பி வந்தன. தென்கொரியாவிலிருந்து இறக்குமதியானவற்றின் குழலில் இறக்குமதியாளர் பெயர் வெட்டப்பட்டிருக்கும், அதனால் விலை குறையும். சுடுவதற்கு அந்த எழுத்தால் ஒரு கெடுதலும் இல்லை. மறுசீரமைத்த துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால் ரிசீவர் ஒருவர், போல்ட் ஒருவர், டிரிகர் பெட்டி ஒருவர் என்று நான்கைந்து நிறுவனத்தின் எழுத்து இருக்கும். கட்டையில் கிடங்கு முத்திரை இருக்கும். இதுவும் வரலாறுதான், ராணுவமே செய்த கலப்பு. கொரியப் போர்க்காலக் கார்பைன் வேண்டும் என்கிறவருக்கு இதில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நம் போட்டோவோ 1944.

ஆகவே நான்காவது வழி: மறுசீரமைத்த ஒன்றை வாங்கி, அசல் ஆரம்பகாலப் பாகங்களால் பின்னோக்கிக் கொண்டுபோவது. எல்லாம் ரிசீவரிலும் குழலிலும்தான் தொடங்கும். இன்லேண்ட் குழல்களில் முன்குறிக்குப் பின்னால் செய்த மாதமும் வருடமும் அடிக்கப்பட்டிருக்கும். ரிசீவரின் எண் 1943-ஐச் சேர்ந்தது, குழலும் 43 என்றால் அந்த இரண்டும் பிறந்த நாளிலிருந்து சேர்ந்தே இருந்திருக்க வாய்ப்புண்டு. இந்த ஜோடி கிடைக்காமல் மற்ற பாகங்களைத் தேடிக் காசைக் கொட்டுவது, அஸ்திவாரம் போடாமல் கதவு ஜன்னல் வாங்குவதுபோல.

அதற்குப் பிறகு எது எளிது, எது கஷ்டம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பொத்தான் சேஃப்டியை மாற்றுவது சில நிமிட வேலை, பாகமும் பெரிய விலை இல்லை. தட்டை போல்ட் கிடைக்கும். ஆனால் போல்ட்டை மாற்றினால் தோட்டா அமரும் இடைவெளியைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் அளவுக்கட்டை வைத்துச் சரிபார்க்காமல் சுடக் கூடாது. இதில் சலுகையே கிடையாது. பின்குறி ரிசீவரின் பள்ளத்தில் அடித்து இறுக்கப்பட்டிருக்கும். சரியான அழுத்துக் கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டினால் ரிசீவரில் காயம்தான் மிஞ்சும். முன்வளையத்தை மாற்ற முன்குறியைக் கழற்றியாக வேண்டும். எத்தனையோ கார்பைன்களின் முன்குறி வளைந்தும் நசுங்கியும் இருப்பதற்குக் காரணம் இந்த ஆசைதான்.

கட்டைதான் பணத்தை விழுங்கும். ஆரம்பகால 'ஐ' பள்ளக் கட்டை, முத்திரை தெளிவாக இருந்தால், தனி விலை. சரியாக அதனால்தான் போலியும் அங்கே அதிகம். புதுக் கட்டையில் பழைய முத்திரை அடித்து, டீத்தூள் நிறத்தில் சாயம் பூசி விற்கிறார்கள். நானே ஒருமுறை ஒரு கண்காட்சியில் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, இரவு விளக்கடியில் பள்ளத்துக்குள் பார்த்தேன்: வெளியே எண்பது வருட அழுக்கு, உள்ளே நேற்றுக் கடைந்த வெள்ளை மரம். அன்றிலிருந்து கட்டையை வாங்கும்போது வெளிப்பக்கத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். உங்களிடம் ஏற்கெனவே அசல் கட்டை இருந்தால், எவ்வளவு கறுத்திருந்தாலும் உப்புத்தாள் போடாதீர்கள். முத்திரை போய்விட்டால் போனதுதான். துணியில் ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஐந்தாவது வழி, அசல் ரிசீவரில் இன்று செய்யப்படும் நகல் பாகங்களைப் பூட்டுவது. மடங்கும் பின்குறி, குறுகல் வளையம், தோல் வைத்த மடக்குக் கட்டை எல்லாம் புதிதாகக் கிடைக்கின்றன. வரலாற்று நிகழ்ச்சிகளில் சீருடை போட்டு நடிப்பவர்களுக்கு இது நியாயமான வழி. மழையிலும் சேற்றிலும் இழுத்துக்கொண்டு போகிற துப்பாக்கிக்கு எண்பது வயதுக் கட்டை எதற்கு? ஆனால் நகல் பாகத்தில் பழைய குறியெழுத்து அடித்திருந்தால் வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரியும் அது நகல் என்று. உங்கள் பேரனிடமிருந்து வாங்கப்போகிறவருக்குத் தெரியாது.

பாராசூட் வீரர்களின் எம்1ஏ1 மடக்குக் கட்டை பற்றி ஒரு வார்த்தை. அதைச் செய்தது இன்லேண்ட் மட்டும்தான், சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம். ராக்-ஓலா ரிசீவரில் மடக்குக் கட்டை பூட்டி "போர்க்கால அசல்" என்று விற்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. கிடங்கில் மாறியிருக்கலாம், ஆலையில் அப்படி வரவில்லை.

இன்னொன்றையும் அவரிடம் அழுத்திச் சொன்னேன். எம்2 என்பது தொடர்ந்து சுடும் வகை. அதன் பாகங்கள் மறுசீரமைத்த துப்பாக்கிகளில் ஒன்றிரண்டு தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். எம்2 கட்டை, எம்2 போல்ட் மட்டும் இருந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் தொடர்ந்து சுடவைக்கும் அந்தப் பாகங்களின் முழுத் தொகுதியை எம்1-உடன் சேர்த்து வைத்திருந்தாலே, பூட்டாவிட்டாலும், அமெரிக்கச் சட்டம் அதை இயந்திரத் துப்பாக்கியாகக் கணக்கில் எடுக்கும். "முழுமையாக இருக்கட்டும்" என்று சேர்க்கிற புத்தி இங்கே ஜெயிலில் கொண்டுபோய் விடும். நம் 1943-க்கு அவை தேவையே இல்லை.

இத்தனையும் கேட்டுவிட்டு அவர், "அப்படியானால் நூறு சதவீதம் கரெக்டாக ஒன்றைச் செய்யவே முடியாதா?" என்றார். ஆடி மர்ஃபி கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் அதிகப் பதக்கம் வாங்கிய இரண்டாம் உலகப் போர் வீரர்களில் ஒருவர். அவர் கார்பைனின் கட்டை சேதமானபோது கம்பியால் சுற்றிக் கட்டிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தவர். அந்தத் துப்பாக்கியின் எண் பல வருடங்களுக்குப் பிறகும் அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்துத் தேடி, 1960-களில் ஒரு ராணுவக் கிடங்கில் அதைக் கண்டெடுத்தார்கள். இன்றைய சேகரிப்பாளர் ஒருவரிடம் கம்பி சுற்றிய கட்டையோடு அதே மாதிரி ஒன்றைக் கொடுத்தால், முதல் வேலையாகக் கட்டையைக் கழற்றிவிட்டு "சரியான" கட்டையைத் தேடுவார்.

நண்பருக்கு என் தீர்ப்பு மூன்றும் நான்கும் கலந்தது. மறுசீரமைத்த இன்லேண்ட் ஒன்று, 1943 ரிசீவர், 43 குழல். போட்டோவில் கண்ணுக்குத் தெரிகிறவற்றை மட்டும் மாற்றுவது: பின்குறி, முன்வளையம், சேஃப்டி. உள்ளே இருக்கும் டிரிகர் பெட்டி, சுருள்வில், ஊசி எல்லாம் எந்த நிறுவனத்தின் எழுத்தோடு வந்ததோ அப்படியே இருக்கட்டும். கட்டையைத் தொடவே வேண்டாம், அது கிடங்கு முத்திரையோடு நல்ல வால்நட் மரமாக வந்தால். கழற்றிய ஒவ்வொரு பாகமும் துப்பாக்கி எண் எழுதிய சீட்டோடு ஒரு டப்பாவில் போக வேண்டும். நாளைக்கு வேறு யாராவது கிடங்கில் இருந்து வந்த உருவத்துக்கே திரும்ப நினைத்தால் அந்தப் பாகங்களை வைத்தே திரும்பலாம்.

எட்டு மாதம் தேடி அவர் ஒன்றைப் பிடித்தார். குழலில் 8-43 என்று இருக்கிறது. பின்குறியை ஒரு வயதான மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார், கூலிக்குப் பதில் போட்டோவின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சேஃப்டி பொத்தான் வந்துவிட்டது. குறுகல் வளையம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. இதுவரை கண்ணில் பட்ட நான்கில் மூன்று நகல், நான்காவதற்குக் கடையில் விலை கேட்டுவிட்டு இரண்டு பேரும் பேசாமல் வெளியே வந்தோம். அதுவரை பயோனெட் கொக்கியோடுதான் நிற்கிறது. சுவரில் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த ஒரு வித்தியாசம் மட்டும் உடனே கண்ணில் படுகிறது.